மரப் பராமரிப்பு ஆராய்ச்சிக்கு மானியம்: யார் தருகிறார்கள், எப்படிக் கேட்பது?

கேள்வி இது: "மேட்டுப்பாளையத்தில் இளநிலை வனவியல் முடித்திருக்கிறேன். காட்டு மரங்களைவிடத் தெருவோர மரங்கள்மீதுதான் எனக்கு ஆர்வம். மரப் பராமரிப்பு ஆராய்ச்சிக்கென்றே அமெரிக்காவில் மானியங்களும் உதவித்தொகைகளும் உண்டு என்கிறார்கள். யார் தருகிறார்கள், எவ்வளவு தருகிறார்கள், என்னைப் போன்ற ஒருவருக்குக் கிடைக்குமா?"

கிடைக்கும். ஆனால் நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும் வாசல் வழியாக அது வர வாய்ப்புக் குறைவு. அந்தப் பணம் எப்படித் திரண்டது, எதற்காகத் திரண்டது என்று தெரிந்தால்தான் எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்பது விளங்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நான் இந்தத் தொழிலில் பாதிக் காலம் சென்னையிலும் மீதிக் காலம் சிகாகோவின் புறநகர்களிலும் மரம் பார்த்தவன். கயிற்றில் தொங்கியும் இருக்கிறேன், மானிய விண்ணப்பம் எழுதியும் இருக்கிறேன்.

தெருவோர மரத்துக்கு ஒரு துரதிர்ஷ்டம் உண்டு. வனத்துறைக்கு அது காடு அல்ல. தோட்டக்கலைக்கு அது பழமோ பூவோ தராத பயிர். பொறியாளருக்கு அது மழைநீர் வடிகாலுக்குக் குறுக்கே நிற்கும் தொல்லை. ஆகவே தேக்குக்கும் யூகலிப்டஸுக்கும் ஆராய்ச்சிப் பணம் இருக்கும், மாமரத்துக்கு இருக்கும், தெருமுனையில் நிற்கும் தூங்குமூஞ்சி மரத்துக்கு இருக்காது. இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. அமெரிக்காவிலும் இதுதான் நிலைமை. அந்த இடைவெளியை அங்கே நிரப்பியவர்கள் மரம் வெட்டி, மரம் ஏறிப் பிழைத்த தொழில்காரர்கள். நீங்கள் கேட்கும் மானியங்களின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

1924இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்டாம்ஃபோர்டு நகரில் மரப் பராமரிப்புக்காரர்களும் விஞ்ஞானிகளும் கூடி ஒரு மாநாடு நடத்தினார்கள். 'தேசிய நிழல்மர மாநாடு' என்ற பெயரில் வளர்ந்த அந்த அமைப்புதான் இன்றைய சர்வதேச மரப் பராமரிப்புச் சங்கம், சுருக்கமாக ஐ.எஸ்.ஏ. அடுத்த சில ஆண்டுகளிலேயே அவர்களுக்குப் பெரிய சோதனை வந்தது. எல்ம் மரங்களைக் கொல்லும் பூஞ்சை நோய் 1930இல் ஒஹாயோவில் கண்டறியப்பட்டது. தெருவின் இருபுறமும் கோயில் மண்டபம்போல வளைந்து நின்ற எல்ம் வரிசைகள் ஊர் ஊராகப் பட்டுப்போயின. கையில் அரிவாளும் ரம்பமும் வைத்திருந்தவர்களுக்கு, வெறும் அனுபவம் போதாது, ஆராய்ச்சி வேண்டும் என்பது அப்போது உறைத்தது.

பிற்காலத்தில் ஐ.எஸ்.ஏ. சார்பில் ஓர் ஆராய்ச்சி அறக்கட்டளையும், தொழில் நிறுவனங்களின் சார்பில் தேசிய ஆர்பரிஸ்ட் ஃபவுண்டேஷன் என்ற இன்னோர் அறக்கட்டளையும் தனித்தனியே இயங்கின. 2002இல் இரண்டும் ஒன்றாயின. அதற்குப் பெயர் ட்ரீ ஃபண்ட். இல்லினாய் மாநிலத்தில் இருந்து இயங்கும் அமைப்பு. அது பிறந்த அதே 2002இல்தான், ஆசியாவிலிருந்து வந்த மரகதப் பச்சை நிற வண்டு ஒன்று டெட்ராய்ட் பகுதியில் ஆஷ் மரங்களைக் கொல்வது கண்டுபிடிக்கப்பட்டது. கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் அந்த வண்டால் அழிந்தன. எல்ம் போன இடத்தில் ஆஷை வரிசையாக நட்டிருந்த ஊர்கள் இரண்டாம் முறையும் நிழலை இழந்தன. ஒரே இனத்தைத் தெரு முழுக்க நடாதே என்ற பாடம் இத்தனை விலை கொடுத்து வந்தது.

இந்த அமைப்பின் பணம் எப்படிப்பட்டது என்பதை நம் ஊர் வழக்கத்தை வைத்தே சொல்லிவிடலாம். நம் பல்கலைக்கழகங்களில் அறக்கட்டளைச் சொற்பொழிவு நடக்கும் அல்லவா? யாரோ ஒருவர் தந்தையின் நினைவாக ஒரு தொகையை வைப்பில் போட்டிருப்பார், அதன் வட்டியில் ஆண்டுதோறும் ஒரு சொற்பொழிவு நடக்கும். ட்ரீ ஃபண்டின் மானியங்களில் பலவும் அந்த வகை. மறைந்த ஒரு மரத் தொழில்காரரின் பெயரில் மூலதனம் இருக்கும், அதன் வருமானத்தில் ஆராய்ச்சிக்குப் பணம் போகும். அதனால்தான் ஒவ்வொரு மானியமும் ஒரு மனிதரின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கிறது. அந்தப் பெயர்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பெயருக்குரியவர் எதில் அக்கறை கொண்டிருந்தார் என்று பார்த்தாலே அந்த மானியம் எந்தக் கேள்விக்குக் காத்திருக்கிறது என்பது பாதி புரிந்துவிடும்.

ஜான் டூலிங் மானியம் விதைப் பணம். புதிய யோசனையைச் சோதித்துப் பார்க்க, பெரிய மானியம் கேட்பதற்குமுன் முதற்கட்டத் தரவு சேர்க்க. ஹைலண்ட் ஜான்ஸ் மானியம் அதைவிடப் பெரியது, சில ஆண்டுகள் நீடிக்கும் ஆய்வுக்கு உரியது. என் கைக்கு வந்த அறிவிப்புகளில் முன்னதற்கு 25,000 டாலரும் பின்னதற்கு 50,000 டாலரும் உச்சவரம்பாக இருந்தன. ஜாக் கிம்மெல் சர்வதேச மானியம் கனடாவின் மர நிதியோடு சேர்ந்து தரப்படுவது, தொகை சிறியது, 10,000 டாலர் அளவு. பெயரிலேயே சர்வதேசம் இருப்பதால் நம்மவர்கள் முதலில் கண் வைக்க வேண்டியது இதில்தான். மின்கம்பிக்குக் கீழே வளரும் மரங்களைப் பற்றிய ஆய்வுக்கு மின்தடத் தொழில்காரர்கள் திரட்டிய தனி நிதி உண்டு. மரம் ஏறுபவரின் பாதுகாப்பு உத்திகளை ஆராய இன்னொன்று உண்டு. எல்லா மானியமும் எல்லா ஆண்டும் திறப்பதில்லை, தொகையும் வட்டி வருமானத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பை வரி விடாமல் படியுங்கள்.

மூலதனம் திரட்டும் வழிகளில் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 1992 முதல் 'டூர் டெஸ் ட்ரீஸ்' என்றொரு சைக்கிள் பயணம் நடந்து வருகிறது. மரம் ஏறுபவர்கள், நகராட்சி மர அலுவலர்கள், பேராசிரியர்கள் சேர்ந்து நூற்றுக்கணக்கான மைல் மிதிப்பார்கள். ஒவ்வொருவரும் தெரிந்தவர், வேலை செய்யும் கம்பெனி, அக்கம்பக்கத்தார் என்று எல்லோரிடமும் நன்கொடை கேட்டுத் திரட்டி வருவார்கள். வழியில் ஊர்களில் மரம் நடுவார்கள், பள்ளிப் பிள்ளைகளோடு பேசுவார்கள். ட்ரீ ஃபண்ட் தொடங்கியதிலிருந்து ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் வழங்கிய தொகை 40 லட்சம் டாலருக்கும் மேல். ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் கணக்கில் இது ஒரு மூலைக்குக் காணாது. ஆனால் இதில் கணிசமான பங்கு, பகலெல்லாம் ரம்பம் பிடித்த கைகள் சைக்கிள் கைப்பிடியைப் பிடித்துச் சேர்த்தது. நான் அந்தப் பணத்தை மதிப்பதற்கு அதுதான் காரணம். விண்ணப்பத்தை மதிப்பிடுபவர்களும் அதை மறப்பதில்லை. "இந்த ஆய்வு முடிந்தால் மரத்தில் தொங்கும் ஆள் நாளைக்கு என்ன மாற்றிச் செய்வார்?" என்ற கேள்வி அவர்கள் மனத்தில் எப்போதும் இருக்கும்.

ஆராய்ச்சி அப்படி என்ன மாற்றிவிடும் என்று நினைக்கலாம். ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். இந்தத் துறையையே புரட்டிப்போட்ட உதாரணம்.

வயதான ஒரு வாகை மரத்தருகே போய் நில்லுங்கள். பக்கக் கிளை ஒன்று அடிமரத்தோடு சேரும் இடத்தைக் கையால் தடவிப் பாருங்கள். கிளையின் அடியைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல ஒரு மேடு இருக்கும். மேல்பக்கம் பட்டை சுருங்கி ஒரு வரியாக நிற்கும். இதைக் கிளைக் கழுத்து என்று சொல்லலாம். என் முதல் மேஸ்திரி எனக்குக் கற்றுத் தந்தது, அந்தக் கழுத்தையும் சேர்த்து அடிமரத்தோடு ஒட்ட வழவழவென்று வெட்டுவதுதான். வெட்டிய வாயில் தார் பூச வேண்டும். பொந்து இருந்தால் சிமெண்ட் வைத்து அடைக்க வேண்டும். இதை அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அமெரிக்காவிலும் பல பத்தாண்டுகள் இதுதான் நல்ல வேலை என்று எண்ணப்பட்டது. மரத்தின் பொந்தைக் காங்கிரீட்டால் நிரப்புவது அங்கே ஒரு கலையாகவே இருந்தது.

அமெரிக்க வனப் பணித்துறையில் அலெக்ஸ் ஷிகோ என்ற நோயியலாளர் இருந்தார். 1930இல் பிறந்து 2006இல் மறைந்தவர். அதுவரை விஞ்ஞானிகள் மரத்தைக் குறுக்கே அறுத்து வட்டத் துண்டாகப் பார்த்தார்கள். ஷிகோ செயின் ரம்பத்தை எடுத்து நெடுக்காகப் பிளந்தார். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களை அப்படிப் பிளந்து பார்த்ததாகச் சொல்வார்கள். நெடுக்குவெட்டில் ஓர் உண்மை தெரிந்தது. காயம் பட்ட கட்டையை மரம் குணமாக்குவதில்லை, நம் தோல்போலப் புதுத் திசுவால் மாற்றுவதும் இல்லை. அழுகலைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதுக் கட்டையை வளர்க்கிறது. மேலும் கீழும் ஒரு சுவர், உள்நோக்கி ஒரு சுவர், பக்கவாட்டில் ஒரு சுவர், காயத்துக்குப் பின் வளரும் கட்டைக்கும் பழைய கட்டைக்கும் நடுவே நான்காவது சுவர். நான்காவதுதான் வலுவானது. 1977இல் இதை முறையாக வெளியிட்டார். கிளைக் கழுத்துக்குள்தான் அந்தத் தடுப்பின் முக்கியமான பகுதி இருக்கிறது. கழுத்தோடு ஒட்ட வெட்டினால் மரத்தின் தற்காப்பையே வெட்டி எறிகிறோம். தார் பூசுவது அழுகலைத் தடுப்பதில்லை. பொந்தில் சிமெண்டை அடைப்பதற்காக உள்ளே சுரண்டும்போது மரம் கட்டிய சுவரை உடைத்து அழுகலுக்கு வழி திறந்துவிடுகிறோம்.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் தார் பூசிய மரங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. நம் ஊரில் இன்றும் கவாத்து செய்த இடத்தில் தாரோ பெயிண்டோ பூசுகிறார்கள். ஆராய்ச்சி என்பது நூலகத்தில் தூங்கும் காகிதம் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த மரங்கள்தான் நினைவுக்கு வரும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஷிகோ செய்ததுபோன்ற அடிப்படை ஆய்வுக்கு அரசு சம்பளமும் பல பத்தாண்டுப் பொறுமையும் வேண்டும். பத்தாயிரம் டாலர் மானியத்தில் அது நடக்காது. சிறு மானியத்தின் இடம் வேறு: ஏற்கெனவே தெரிந்ததைத் தெருவில் வைத்துச் சோதிப்பது. எந்த இனத்தில் சுவர் வலுவாக எழுகிறது, எந்த மாதத்தில் வெட்டினால் காயம் சீக்கிரம் மூடுகிறது, கன்றை எத்தனை அங்குலம் ஆழத்தில் நட்டால் வேர் மூச்சுத் திணறுகிறது. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் தொட்டியில் வளர்ந்த கன்றுகளின் வேர்களை ஆண்டுக்கணக்கில் தோண்டிப் பார்த்தார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் நினா பாசுக் குழுவினர், நடைபாதையின் பாரத்தையும் தாங்கி, வேருக்கும் இடம் தரும் மண்ணை உருவாக்கினார்கள். எடையில் ஏறத்தாழ 80 பங்கு கூரிய ஜல்லி, 20 பங்கு களிமண் கலந்த மண், இரண்டும் பிரியாமல் ஒட்ட வைக்கக் கொஞ்சம் நீர்ப்பசைத் தூள். ஜல்லி ஜல்லியோடு முட்டிப் பாரத்தைத் தாங்கும், நடுவில் உள்ள சந்துகளில் மண்ணும் வேரும் இருக்கும். கேட்டால் எளிமையாக இருக்கிறது. நம் நகரங்களின் நடைபாதைகளுக்கு நம் மண்ணை வைத்து இப்படி ஒன்றைச் சோதிக்க எத்தனை பேர் முன்வருவார்கள் என்று காத்திருக்கிறேன்.

இப்போது உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். உதவித்தொகை வேறு, ஆராய்ச்சி மானியம் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் நம் மாணவர்கள் இரண்டு ஆண்டுகளை வீணடிக்கிறார்கள்.

ட்ரீ ஃபண்ட் வழியாக வரும் உதவித்தொகைகள் ராபர்ட் ஃபெலிக்ஸ், ஜான் ரைட், ஹோரஸ் தேயர், ஃப்ரான் வார்டு, போனி ஆப்பிள்டன் போன்றவர்களின் பெயர்களில் உள்ளன. ஃப்ரான் வார்டு பெயரில் உள்ளது இத்துறைக்கு வரும் பெண்களுக்கானது. போனி ஆப்பிள்டன் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் தோட்டக்கலைப் பேராசிரியராக இருந்தவர். மின்கம்பிக்கு அடியில் நடுவதற்கு ஏற்ற சிறு மரங்களுக்காகப் பாடுபட்டவர். இந்த உதவித்தொகைகள் பெரும்பாலும் ஏற்கெனவே அங்கே ஒரு கல்லூரியில் சேர்ந்து மரப் பராமரிப்போ நகர்ப்புற வனவியலோ படித்துக்கொண்டிருப்பவருக்கு, சில ஆயிரம் டாலர் கைகொடுப்பவை. கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கப் படிப்பின் முழுச் செலவையும் இதில் ஈடுகட்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள். சேர்ந்த பிறகு கட்டாயம் விண்ணப்பியுங்கள், அறை வாடகைக்கும் புத்தகத்துக்கும் பெரிய ஆறுதல்.

முழுச் செலவையும் ஈடுகட்டும் வழி ஆராய்ச்சி உதவியாளர் பணி. ஒரு பேராசிரியர் மானியம் வாங்குகிறார். அதில் ஒரு மாணவருக்குச் சம்பளம் ஒதுக்குகிறார். பல பல்கலைக்கழகங்களில் அந்தப் பணியோடு கல்விக் கட்டணத்தில் தள்ளுபடியும் வரும். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த மானியம் உங்கள் பெயருக்கு வராமல், பேராசிரியர் கை வழியாக உங்கள் சம்பளமாக வந்து சேரும். நான் முதலில் சொன்ன வேறு வாசல் இதுதான். ஆகவே தேட வேண்டியது உதவித்தொகைப் பட்டியலை அல்ல. கடந்த சில ஆண்டுகளில் எந்தப் பேராசிரியர் எந்த மர ஆய்வுக்கு மானியம் வாங்கியிருக்கிறார் என்ற செய்தியைத் தேடுங்கள். மானியம் தரும் அமைப்புகள் ஆண்டுதோறும் அதை வெளிப்படையாக அறிவிக்கின்றன. ஐ.எஸ்.ஏ. நடத்தும் ஆய்விதழின் கட்டுரைகளின் கடைசியில் 'நன்றி' என்ற பகுதியில் யார் பணம் தந்தார்கள் என்று இருக்கும். அந்தப் பகுதியை நான் கட்டுரையைப் படிப்பதற்கு முன்பே படிப்பேன்.

எங்கே தேடுவது? ஃப்ளோரிடா, கார்னெல், வர்ஜீனியா டெக், மினசோட்டா என்று ஆரம்பிக்கலாம். மசாசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தை மறக்காதீர்கள். அந்த மாநிலத்தின் மரத் தொழில்காரர் சங்கத்தின் பெயரிலேயே அங்கே ஒரு பேராசிரியர் பதவி இருக்கிறது. காற்றில் மரம் எப்படி ஆடுகிறது, கயிறு கட்டி இறக்கும் கிளை அடிமரத்தில் எவ்வளவு அதிர்ச்சியை ஏற்றுகிறது என்பதுபோன்ற ஆய்வுகள் அங்கே நடந்திருக்கின்றன. லூசியானாவின் பேட்டன் ரூஜில் உள்ள சதர்ன் பல்கலைக்கழகத்தில் நகர்ப்புற வனவியலுக்கென்றே தனித் துறை இருக்கிறது. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இளநிலையிலிருந்தே நகர்ப்புற வனவியல் பட்டப்படிப்பு உண்டு.

அமெரிக்க அரசின் பணமும் இதில் இருக்கிறது. 2022இல் நிறைவேறிய பணவீக்கக் குறைப்புச் சட்டம் நகர்ப்புற மரங்களுக்கு 150 கோடி டாலர் ஒதுக்கியது. இத்துறையில் அதுவரை யாரும் காணாத தொகை. ஆனால் அரசு மாறினால் பணத்தின் திசையும் மாறும். 2025 தொடக்கத்தில், மரம் நடுவதை ஊக்குவிக்கும் ஆர்பர் டே ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் வழியாக ஊர்களுக்குப் போகவிருந்த 7.5 கோடி டாலர் ஒப்பந்தம் ரத்தானது. ஒரு பேராசிரியர் "பணி இருக்கிறது, வாருங்கள்" என்று சொன்னால், அந்தப் பணம் எந்த மூலத்திலிருந்து வருகிறது, எத்தனை ஆண்டுக்கு உறுதி என்று மரியாதையோடு கேட்டுவிடுங்கள். கேட்பதில் தவறில்லை. நல்ல பேராசிரியர் ஒளிக்காமல் சொல்வார்.

விண்ணப்பம் எழுதுவது பற்றி என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு கல்லூரி ஆசிரியரும் சேர்ந்து ஒரு சிறு மானியத்துக்கு விண்ணப்பித்தோம். 'வெப்பமண்டல நகரங்களில் மரங்களின் ஆரோக்கியத்தை மேம்படுத்துதல்' என்று தலைப்பு வைத்தோம். இருபது பக்கம். புவி வெப்பமாதல், மக்கள்தொகை, நகரமயமாதல் எல்லாம் அதில் இருந்தது. மரம் மட்டும் இல்லை. திரும்பி வந்த மதிப்புரையில் ஒருவர் கேட்டிருந்தார்: எந்த மரம், எந்தத் தெரு, எதை அளப்பீர்கள், அளந்த எண் மாறினால் யார் எதை மாற்றுவார்கள்? நியாயமான கேள்வி. எங்களிடம் பதில் இல்லை.

பதில் பிறகு கிடைத்தது, மழையில் நனைந்துகொண்டு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் கரை கடந்தது. மறுநாள் விழுந்து கிடந்த ஆயிரக்கணக்கான மரங்களுக்கு நடுவே நடந்தபோது நான் கிளைகளைப் பார்க்கவில்லை, வேரைப் பார்த்தேன். ஒரு குல்மொஹர் மரம் சாலைக்குக் குறுக்கே சாய்ந்திருந்தது. அதன் வேர்த்தட்டு சதுரமாக இருந்தது. நடைபாதையில் அதற்கு விட்டிருந்த குழியின் அளவு அப்படியே அச்சு எடுத்ததுபோல. பக்கத்தில் இன்னொன்று, நடுத்தர வயது மரம். அதன் மண்ணை விலக்கிப் பார்த்தால் அடியில் வேர்கள் ஒன்றையொன்று சுற்றிக் கயிறுபோல முறுக்கிக் கிடந்தன. அந்த முறுக்கின் குறுக்களவு ஒரு பாலித்தீன் பையின் குறுக்களவு. நாற்றங்காலில் பையில் கிடந்த காலத்தில் சுற்ற ஆரம்பித்த வேர், அத்தனை ஆண்டுகளாகியும் அந்தச் சுற்றிலிருந்து வெளியே வரவே இல்லை. மேலே குடைபோல விரிந்த மரம், கீழே குழந்தைப் பருவத்துப் பைக்குள்ளேயே நின்றிருக்கிறது.

அங்கே நின்றபோதுதான் நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி எனக்குப் புரிந்தது. அதை அப்படியே உங்களுக்குத் தருகிறேன். பையில் ஓராண்டுக்கும் மேல் கிடந்த புங்கன் கன்றை நடுவதற்கு முன், வேர்க்கட்டியின் வெளிப்பக்கத்தை ஓர் அங்குலம் கத்தியால் சீவிவிட்டு நட்டால், சுற்று வேர் குறைகிறதா? கன்று அதிர்ச்சியில் பட்டுப்போகிறதா? குளிர்நாட்டு இனங்களிலும் ஃப்ளோரிடா மரங்களிலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். புங்கனுக்கும் வேம்புக்கும் பூவரசுக்கும், நம் கோடையிலும் வடகிழக்குப் பருவமழையிலும், நீங்கள் சோதிக்கலாம். பாதிக் கன்றுகளைச் சீவி நடுங்கள், பாதியைச் சீவாமல் நடுங்கள். எது எங்கே என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். இரண்டு மழைக்காலம் கழித்து அழுத்தக் காற்றால் மண்ணை ஊதி விலக்கி, வேர் அறுபடாமல் எண்ணுங்கள், படம் எடுங்கள், கயிறு கட்டி இழுத்து எவ்வளவு சாய்கிறது என்று அளங்கள். இதில் பெரிய கருவி எதுவும் இல்லை. கம்ப்ரசர் வாடகை, இழுவிசை மானி, கூலி, கன்று விலை, தண்ணீர் வண்டி. முடிவு எதுவாக இருந்தாலும் நாற்றங்கால்காரருக்கும் மாநகராட்சி ஒப்பந்தக்காரருக்கும் ஒரே வரியில் சொல்லிவிடலாம்: சீவு, அல்லது சீவாதே.

இப்படிப்பட்ட கேள்விக்குத்தான் சிறு மானியங்கள் உருவாக்கப்பட்டிருக்கின்றன. விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ஏற்கெனவே செய்யப்பட்ட ஆய்வுகளை நேர்மையாகச் சொல்லுங்கள். 'யாரும் இதுவரை செய்ததில்லை' என்று எழுதி, மதிப்பிடுபவரே பத்து ஆண்டுகளுக்கு முன் அதைச் செய்திருந்தால் சங்கடம். வரவுசெலவில் தோராயமான முழுத் தொகைகள் வேண்டாம். 'இதர செலவு 5,000' என்ற வரியைவிட, 'கம்ப்ரசர் வாடகை இத்தனை நாளுக்கு இவ்வளவு' என்ற வரி பத்து மடங்கு நம்பிக்கை தரும். பல சிறு மானியங்கள் நிறுவனத்தின் மேல்செலவுக்குப் பணம் தருவதில்லை. உங்கள் கல்லூரி அலுவலகம் அதில் பங்கு கேட்டால் விண்ணப்பம் சிக்கலாகும், ஆகவே கையெழுத்துக்குப் போவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். மாநகராட்சிப் பூங்காத் துறையிலோ ஒரு நாற்றங்காலிலோ இருந்து 'இந்த முடிவை நாங்கள் பயன்படுத்துவோம்' என்று ஒரு கடிதம் வாங்கி இணையுங்கள். அந்த ஒரு பக்கம், நீங்கள் எழுதிய பத்துப் பக்கத்தைவிடக் கனமானது.

நம் நாட்டிலிருந்தே தொடங்க விரும்பினால் வழி அடைபட்டுவிடவில்லை. முதுநிலைக்கு வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தேர்வு வழி உதவித்தொகை இருக்கிறது, முனைவர் பட்டத்துக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகை இருக்கிறது. கோயம்புத்தூரில் உள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்க நிறுவனத்தில் மரத்தை அறிந்த விஞ்ஞானிகள் இருக்கிறார்கள். அவர்களுடைய முதன்மை வேலை தோப்பாக வளர்க்கும் மரங்களும் காட்டு மரங்களும்தான் என்றாலும், தெருமரக் கேள்வியோடு போகும் மாணவரை வரவேற்கக்கூடியவர்கள். வெளிநாட்டுக்குப் போக ஃபுல்பிரைட்-நேரு, காமன்வெல்த் போன்ற உதவித்தொகைகள் பல துறைகளுக்கும் பொதுவானவை. அவற்றில் 'மரப் பராமரிப்பு' என்ற தலைப்பு இருக்காது, உங்கள் விண்ணப்பத்தில்தான் அது இருக்க வேண்டும். ஃபுல்பிரைட்-நேரு முதுநிலைக்குப் பணி அனுபவம் கேட்பார்கள். சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் உதவித்தொகை தருகிறது, அது பெரும்பாலும் அந்நாட்டவருக்கும் பணி ஒப்பந்தத்தோடும். ஹாங்காங்கில் 2008இல் மரம் விழுந்து ஒரு மாணவி இறந்த துயரத்துக்குப் பிறகு மர நிர்வாகத்துக்கென்று தனி அலுவலகமே வந்தது. 2020இல் 20 கோடி ஹாங்காங் டாலரில் ஒரு நிதி தொடங்கி, மரப் பராமரிப்புப் படிப்புக்கு உதவித்தொகையும் பயிற்சியாளர்களுக்கு ஊக்கத்தொகையும் கொடுக்கிறார்கள். அது அவ்வூர் மாணவர்களுக்கானது, நமக்குக் கிடைக்காது. ஆனால் ஒரு நகரம் நினைத்தால் எப்படிச் செய்யலாம் என்று நம் மாநகராட்சிகளுக்குக் காட்ட நல்ல முன்மாதிரி.

2018இல் தெலங்கானாவின் மகபூப்நகரில் பிள்ளலமர்ரி என்ற புகழ்பெற்ற ஆலமரத்தைக் கரையான் அரித்தபோது, சலைன் பாட்டில்களை வரிசையாகக் கட்டி, துளித்துளியாக மருந்து ஏற்றினார்கள். செய்தித்தாள்களில் படம் வந்தது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த அலுவலர்களின் அக்கறைக்கு நான் தலை வணங்குகிறேன். அதே நேரத்தில், ஆலமரத்துக்கு எந்த மருந்து, எந்த அளவு, எந்தப் பருவம் என்று அவர்கள் எடுத்துப் பார்க்க நம் மண்ணில் சோதித்த ஒரு கையேடு இருந்திருந்தால் எவ்வளவு உதவியாக இருந்திருக்கும்! ஓக்குக்கும் ஆஷுக்கும் அப்படிப்பட்ட கையேடுகள் இருக்கின்றன. சைக்கிள் மிதித்தவர்கள் பணம் திரட்டுவது இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்குத்தான்.

கடைசியாக, உங்கள் கையில் இப்போதே இருக்கும் வேலை. வெளிநாட்டுப் பேராசிரியருக்குக் கடிதம் எழுதும் முன், ஒரு வருடமாவது மரத்தோடு வேலை செய்யுங்கள். ஐ.எஸ்.ஏ.வின் சான்றிதழ் தேர்வு எழுதப் பொதுவாக மூன்று ஆண்டு களப்பணி கேட்பார்கள், தொடர்புடைய பட்டம் இருந்தால் அது குறையும். களத்தில் நின்ற ஒவ்வொரு மாதத்தையும் குறித்து வையுங்கள், கையெழுத்து வாங்கி வையுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது. உங்கள் ஊரில் மரம் விழுந்தால், ரம்பக்காரர்கள் வந்து துண்டு போடுவதற்கு முன் போய்விடுங்கள். வேர்த்தட்டின் நீளம், அகலம், ஆழம், இனம், குழியின் அளவு, சுற்று வேர் உண்டா இல்லையா, அடிமரத்தில் பழைய வெட்டுக் காயம் எங்கே என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். ஒரு மழைக்காலத்தில் முப்பது மரம் பார்த்துவிட்டால், பேராசிரியருக்கு எழுதும் கடிதத்தின் இரண்டாவது வரியில் அதைச் சொல்லலாம். முதல் வரியில் உங்கள் பெயரையும் கேள்வியையும் எழுதுங்கள்.